வெஸ்ட்ரியில் ஒரு நாற்காலி

நவமணி இரும்பு நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டே வெஸ்ட்ரிக்குள் போனாள். தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். சத்தம் கேட்கட்டும் என்றுதான் இழுத்தாள்.

போதகர் அங்கி மாட்டுகிற சின்ன அறை அது. ஒரு மேஜை, ஒரு பீரோ, உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த ஒரு கதவு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியார் ஞானமுத்து அங்கே உட்கார்ந்துகொள்வார். சபையில் முழு உறுப்பினராகச் சேர்க்கும் திடப்படுத்தல் சடங்குக்குப் படிக்கிற பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஞானோபதேசக் கேள்வி பதில்களை ஒப்பிக்கச் சொல்வார்.

பையன்களுக்கு ஐந்து நிமிஷம். வடிவுக்கு அரைமணி நேரம்.

வடிவுக்குப் பன்னிரண்டு வயது. மேஜைக்கு இந்தப் பக்கம், புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

கதவைச் சாத்த முடியாதபடி நிலையை ஒட்டி நாற்காலியைப் போட்டு நவமணி உட்கார்ந்தாள். பையிலிருந்து கம்பளி நூலையும் பின்னல் ஊசியையும் எடுத்தாள்.

"என்ன நவமணி, மே மாசத்துல ஸ்வெட்டரா?" உபதேசியார் சிரித்தார். சபை முழுக்க மயங்குகிற சிரிப்பு.

"டில்லியில குளிர் வராமலா போயிரும், அண்ணாச்சி?"

அவளுக்குப் பின்னவே தெரியாது. பி.ஏ. படித்தவள், டைப்படிக்கத் தெரியும். ஆபீஸில் பக்கத்து மேஜை பஞ்சாபிக்காரி வெள்ளிக்கிழமைதான் ஊசியைக் கையில் கொடுத்து ஒரே ஒரு கண்ணி போடக் காட்டியிருந்தாள். அதையே போட்டாள். பிரித்தாள். மறுபடி போட்டாள்.

இதற்கு முந்தின மூன்று ஞாயிறும் வடிவு அவளிடம் ஊக்கு கேட்டாள்.

முதல் வாரம் ஒன்று. வளையலில் கோத்திருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். அடுத்த வாரம் இரண்டு. மூன்றாம் வாரம், "அக்கா, ஜல்தி, நாலு இருந்தா குடுங்க" என்று மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"எதுக்குட்டி இத்தனை?"

சட்டையின் முன்பக்கத்தைக் கழுத்துவரை இழுத்துக் குத்திக்கொண்டே வடிவு சொன்னாள்: "உள்ள போணும்ல."

அந்த வாரம் முழுக்க நவமணிக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று வாரமும் ஊக்கைக் கொடுத்து உள்ளே அனுப்பியது அவள்தானே.

போதகரிடம் போனாள். "சாட்சி இருக்காம்மா? ஜெபத்துல வைப்போம்" என்றார் அவர். "வெளிய தெரிஞ்சா நமக்குத்தான் அசிங்கம்" என்றார் சபைச் செயலாளர். அந்த 'நமக்கு'க்குள் வடிவு உண்டா என்று கேட்டாள். நாலு எழுத்துப் படித்த திமிர் என்று பதில் வந்தது. திமிர்தான். பனையேறின அப்பன் அதற்குத்தானே படிக்க வைத்தான்.

வடிவின் அம்மா பவுனு ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் மூன்று வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கிறவள். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டதே உபதேசியார்தான். ரேஷன் கார்டும் அவர் புண்ணியம்தான். "நான் வாயத் தொறந்தா நாளைக்கே எம் புள்ளயும் எங்கூட பாத்திரம் தேய்க்க வந்துரும், தாயி" என்று குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதாள். அவளைக் கோபிக்க நவமணிக்கு மனசு வரவில்லை. மற்ற ஒருவரையும் அவள் கோபம் விட்டுவைக்கவில்லை.

இப்போது உபதேசியார் சிரிக்கவில்லை.

"நவமணி, கொஞ்சம் வெளிய இரு. பிள்ளை கூச்சப்படுதுல்லா?"

"ஏட்டி, நீ கூச்சப்படுதியா?"

வடிவு இல்லையென்று தலையாட்டினாள். ஆட்டிய வேகத்தில் ரிப்பன் அவிழ்ந்தது.

"பிள்ளை ஒப்பிக்கட்டும், அண்ணாச்சி. நான் என் சோலியைப் பாக்கேன்."

வெளியே வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்த பெண்கள் இந்தப் பக்கமே பார்த்தார்கள். "இருபத்தாறு வயசாச்சு, ஒருத்தன் கேட்டு வரல. பின்ன எப்படிப் பொழுது போகும்?" என்றாள் ஒருத்தி. நவமணிக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னது. கேட்டது. நவமணி இன்னொரு கண்ணி போட்டாள்.

வராந்தாவில் செருப்புச் சத்தம்.

உபதேசியாரின் மனைவி அன்னபாக்கியம். சபையில் யாரோடும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாதவள். அவருக்கு முழுக்க நரைத்தாயிற்று. அவளுக்கு நவமணியைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். கையில் ஒரு மடக்கு நாற்காலி.

"நல்ல நேரத்துல வந்த, பாக்கியம்" என்றார் உபதேசியார். "இவளை அங்கிட்டுக் கூட்டிட்டுப் போ."

நவமணி காலை நிலைப்படியில் ஊன்றிக்கொண்டாள். புருஷனுக்குப் பரிந்து வந்திருக்கிறாள். வரட்டும். கத்தட்டும். மயிரைப் பிடித்து இழுத்தாலும் எழுந்திருப்பதில்லை.

அன்னபாக்கியம் கத்தவில்லை. நவமணியைத் தாண்டி உள்ளே வந்து, மேஜைக்கும் வடிவுக்கும் நடுவில் நாற்காலியை விரித்தாள். புருஷனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்தாள்.

"வாரா வாரம் ஒன்னால வர முடியுமா? ஆபீஸ்காரி நீ. முடியாத அன்னைக்குச் சொல்லு, நான் வந்து இருக்கேன்."

நவமணி ஊசியை மடியில் வைத்தாள்.

"உங்களுக்கு எதுக்குக்கா இந்தப் பொல்லாப்பு?"

"பாக்கியம்" என்றார் உபதேசியார், மெதுவாக.

அவள் திரும்பவில்லை. கை நீட்டி, வடிவின் அவிழ்ந்த ரிப்பனை எடுத்து முடிந்துகொண்டே சொன்னாள்:

"ஊர்ல நானும் இவுககிட்டதான் ஞானோபதேசம் படிச்சேன். அப்ப எனக்குப் பதிமூணு."