எத்தனை மடக்கு?

"அண்ணி, தண்ணி ஒரு மாதிரி பாசி வாசனை அடிக்குது," என்றாள் நாத்தனார், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே.

அண்ணி அப்போதுதான் தன் வண்டியை ஸ்டாண்டு போட்டிருந்தாள். சாவியைக்கூட எடுக்காமல் ஓடி வந்தாள்.

நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்க். காலை பத்து மணி. வீட்டைவிட்டு நூற்று நாற்பது கிலோமீட்டர் வந்தாயிற்று. கடலுக்கு இன்னும் இருநூற்றுச் சொச்சம்.

நாத்தனாரின் முதுகில், அண்ணியிடம் இருப்பதுபோலவே ஒரு தண்ணீர்ப்பை. அதிலிருந்து தோளைத் தாண்டி முன்னால் வரும் மெல்லிய குழாய். முனையைக் கடித்து உறிஞ்சினால் போதும், வண்டியை நிறுத்தவே வேண்டாம். வழியெல்லாம் அப்படித்தான் குடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"கழட்டு."

"ஐயோ, சும்மா சொன்னேன் அண்ணி."

"கழட்டுடி!"

அண்ணி குழாயை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கடிக்கும் முனையின் ரப்பரைப் பிதுக்கித் திறந்தாள். உள் மடிப்பில் கடுகைவிடச் சின்னதாக நாலைந்து கறுப்புப் புள்ளிகள்.

அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது.

வீட்டில் இதைக் கழுவ அவள் ஒரு முறை வைத்திருந்தாள். வெந்நீர், சமையல் சோடா, குழாய்க்குள் நுழைகிற நீளப் பிரஷ். பிறகு பைக்குள் ஒரு கரண்டியைச் செருகி, உட்பக்கம் ஒட்டிக்கொள்ளாதபடி இரண்டு நாள் கொடியில் தொங்கவிடுவாள்.

போன வாரம் ஒத்திகைக்காக ஊரைச் சுற்றிவிட்டு வந்த அன்று, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு மாலை ஷிப்ட். "குடு, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டவர் அவள் கணவர். பார்த்துக்கொண்ட லட்சணம், ஈரத்தோடு சுருட்டி அலமாரியில் திணித்திருந்தார்.

நேற்று அதைக் கண்டுபிடித்துத் திட்டித் தீர்த்துவிட்டு, பையைத் தேய்தேய் என்று தேய்த்தவள் அவள்தான். முனையைப் பிரித்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

"எத்தனை மடக்கு குடிச்சே?"

"அதை யாரு எண்ணிக்கிட்டு இருந்தா?"

"ஒரு உத்தேசமா சொல்லேன்."

"ஒரு பத்து, இருபது இருக்கும். அண்ணி, எல்லாரும் பாக்கறாங்க."

பார்க்கட்டும். காபிக் கடையில் வெந்நீர் கேட்டு வாங்கினாள். கை கழுவும் தொட்டியில் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். முனையை வெந்நீரில் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். நகத்தால் சுரண்டினாள். ஒரு புள்ளி போனால் இன்னொன்று தெரிந்தது.

பெட்ரோல் போடும் பெண் கை கழுவ வந்தவள், வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். "இதுக்குப் போயி ஏங்க்கா இவ்வளவு? புதுசு ஒண்ணு வாங்கிக்கிட்டாப் போச்சு."

"பேசாம என்னையும் சேத்து வெந்நீர்ல முக்கி எடுத்துடுங்க," என்றாள் நாத்தனார்.

பெட்ரோல் பெண் சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை.

நாத்தனார் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் லாரிக்கு நேராக வண்டியைத் திருப்பும்போதும் பதறாதவள். இரண்டு வருஷமாக உறை போட்டுக் கிடந்த பைக்கைப் போன வாரம் வெளியே தள்ளியபோது, டேங்கைக் கன்னத்தைத் தட்டுவதுபோலத் தட்டினாள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கிறோமே என்று அண்ணிக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் இருப்புக் கொள்ளவில்லை.

முனை, குழாய், பை மூன்றையும் குப்பைத் தொட்டியில் போட்டாள். இரண்டு அடி நடந்தாள். திரும்பி வந்து தொட்டியை எட்டிப் பார்த்தாள். நாத்தனாரின் நெற்றியைத் தொட்டாள். தன் கழுத்தைத் தொட்டாள். எது சூடு என்று பிடிபடவில்லை.

"லேப்ல வேலை பாத்துப் பாத்து உங்களுக்கு எல்லாமே கிருமியாத் தெரியுது," என்று சொல்லிவிட்டு நாத்தனார் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்தாள்.

அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். வெயிலில் திரை தெரியவில்லை, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் குனிந்து நின்றாள்.

டாக்டர் வார்டில் இருக்கிறாராம். பேசியது ஒரு நர்ஸ், புதுக் குரல். கோப்பு எண்ணைக் கேட்டாள். காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா, காலை மாத்திரை போட்டாரா என்று வரிசையாகக் கேட்டாள். அண்ணி எல்லாவற்றுக்கும் சொன்னாள். கோப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது. யாரிடமோ ஏதோ கேட்டுவிட்டு நர்ஸ் திரும்பி வந்தாள்.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. மூணு நாளைக்குக் காய்ச்சல் மட்டும் பாத்துக்குங்க. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடறாங்கல்ல, லேசா வந்தாலும் உடனே கூட்டிட்டு வந்துடணும். வழியில மூடி உடைக்காத பாட்டில் தண்ணி மட்டும் குடுங்க."

அண்ணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"குறிச்சு வைக்கணும், நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

அண்ணன் பொண்டாட்டி என்பதுதான் வழக்கமான பதில். வாய் வரை வந்தது.

"கிட்னி குடுத்தது நான்தாம்மா," என்றாள்.

நர்ஸ் அடுத்த கேள்வியை அவளைப் பற்றியே கேட்டாள்.

"அப்ப நீங்க காலையிலேருந்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

அண்ணி தன் தோளில் தொங்கிய குழாயைப் பார்த்தாள். முன்னால் போகிற நாத்தனார் வண்டியின் பின்விளக்கைத் தவிர இதுவரை வேறெதிலும் அவள் கண் போகவில்லை. அவள் முதுகில் இருந்த பை, வீட்டில் நிரப்பியது நிரப்பியபடி கனத்தது.

நாத்தனார் எழுந்து கடைக்குள் போனாள். இரண்டு பாட்டில்களோடு வந்தாள். ஒன்றைத் திறந்து அண்ணியின் கையில் வைத்தாள்.

அது காலியாகும்வரை நாத்தனார் வண்டியில் ஏறவே இல்லை.