முழு மனதுடன்

மெழுகில் முடி இருந்தது.

தூசி என்று நினைத்துத்தான் தூரிகையால் தட்டினாள். போகவில்லை. பூதக்கண்ணாடியை இழுத்து வைத்துப் பார்த்தாள்.

ஒன்றிரண்டு இல்லை. ஒரு கொத்து. நீளமாக, செம்பட்டையாக, வேரோடு.

நிலத்தை எழுதிக் கொடுப்பவர் தன் முடியில் ஒன்றிரண்டை முத்திரை மெழுகில் பதிப்பது இடைக்கால ஜெர்மனியில் சில ஊர்களின் வழக்கம். நானேதான் கொடுத்தேன் என்பதற்கு அத்தாட்சியாம். இங்கே இந்த ஆவணக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவள் அப்படிச் சிலவற்றைப் பார்த்திருக்கிறாள். எல்லாம் கத்தரியால் நறுக்கிய முடி.

இதன் அடியில் தோல் காய்ந்து ஒட்டியிருந்தது. எவனோ பிடுங்கியிருக்கிறான்.

ஆட்டுத்தோல் பத்திரத்தில் இருந்த லத்தீனைப் படித்தாள். தகப்பன் வழி வந்த புல்வெளியை மார்கரெத்தா என்பவள் தன் தமையனுக்குக் கொடுக்கிறாள். யார் தூண்டுதலும் இல்லாமல். மகிழ்ச்சியோடு.

மகிழ்ச்சியாம். தூ!

போன் அதிர்ந்தது. ஊரிலிருந்து அண்ணன்.

அப்பாவின் தோட்டத்தில் அவளுக்குள்ள பங்கை அவனுக்கே விட்டுக் கொடுக்க வேண்டும். நாளைக்குத் தூதரகத்தில் கையெழுத்து. பத்திரத்தின் நகலைக் காலையில் அனுப்பியிருந்தான். 'முழு மனதுடன், யாருடைய வற்புறுத்தலும் இன்றி' என்று அதிலும் இருந்தது. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பாத்தியா பாப்பா? எல்லா வீட்லயும் பொம்பளப் புள்ளைங்க கையெழுத்துப் போட்டுக் குடுக்குறதுதானே. வருசா வருசம் பொங்கச்சீரு தவறாது. இல்லேன்னா நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இந்த வாசப்படி ஏறுவ?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதில் கெட்டிக்காரன்.

அவன் மேல் மட்டுமா அருவருப்பு? காலையில் அந்த நகலைப் படித்துவிட்டு, சரி என்று தூக்கிய கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பியவள் அவள்தானே.

கையுறையைக் கழற்றினாள்.

"சர்வேயரைக் கூப்பிடுண்ணே. எம் பங்குக்குக் கல்லு நட்டுரலாம்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். அண்ணியின் குரல் வந்தது. அவளிடம் பேசியதா, அவனிடமா, தெரியவில்லை.

"எங்கண்ணன் பத்திரத்த நீட்டுனப்ப, நான் வாயே தொறக்கல."