ஃபெரேரா வீட்டுக் கார்

அன்று காலை டோரிங்ஃபொன்டைன் பந்தயத் தளத்தின் கொட்டகையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: கோபஸ் ஃபெரேரா, அவர் மகள் லீஸல், வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி திருமதி நோடே, வைனன்ட் ரூ, அவனுடைய மெக்கானிக் டிர்க்கி. தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னால் கதை அளந்தவர்கள் எவரும் அங்கே இல்லை.

நோடே அம்மையார் ஃபெரேரா வீட்டுப் பந்தயக் காரைச் சோதித்து, "எல்லாம் சரி" என்று சீட்டு ஒட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். அதன்பிறகுதான் வைனன்டும் டிர்க்கியும் உள்ளே வந்தார்கள். காருக்கு அடியிலிருந்து கோபஸின் பூட்ஸ் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

கிழவர் ஸ்பானரோடு வெளியே நகர்ந்து வந்தார். அவர்களைக் கண்டதும் அதைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"என்ன மாமா, அடியில என்ன வேலை?" என்றான் வைனன்ட்.

"என் காருக்கு அடியில நான் படுப்பேன், உருளுவேன். உனக்கென்ன?"

இந்தப் பகை போன மாதப் பரிசளிப்பு விருந்தில் தொடங்கியது. இறைச்சி சுடும் அடுப்பைச் சுற்றி ஊரே நின்றபோது வைனன்ட் வாயை விட்டான். "லீஸல் எங்க ஜெயிச்சா? ஜெயிச்சது அந்தக் கார். அதுல ஒரு சோள மூட்டையைக் கட்டி வச்சாலும் கோப்பை வரும்!"

எல்லோரும் சிரித்தார்கள். கோப்பைகளை வென்றபின் முதுகில் அடிபட்டதிலிருந்து லீஸலால் பந்தயக் காரில் உட்கார முடியாது. ஓட்டிக் காட்டிப் பதில் சொல்ல வழியில்லை. கோபஸ் மட்டும் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"உன் வெள்ளி நிறக் காரை வச்சுக்கிட்டுச் சாலைக் கார் பந்தயத்துல ராஜாவா இருக்கே. அடுத்து நிஜப் பந்தயக் காருக்கு மாறப் போறியாமே. எங்க காரையே ஓட்டு. என் மகளோட நேரத்தை முறியடிச்சிட்டா, நீ சொன்னதுதான் சரின்னு நானே ஒலிபெருக்கியில சொல்றேன். முடியலேன்னா அதே ஒலிபெருக்கியில நீ அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

அந்தச் சவாலுக்குக் குறித்த நாள்தான் இது.

டிர்க்கி வைனன்டின் காதோரம் குனிந்தான். "அண்ணே, வேணாம். கிழவன் முழியே சரியில்ல."

வெளியே வேலியோரம் கூட்டம் சேர்ந்திருந்தது. கோபஸ் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பயமா இருந்தா சொல்லுப்பா. நோடே அம்மாவைக் கூப்பிட்டு இன்னொரு தடவை பார்க்கச் சொல்றேன். இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "பயமா? எனக்கா?" என்று ஹெல்மெட்டைப் பிடுங்கிக்கொண்டான் வைனன்ட்.

அவன் காரின் இரும்புக் கூண்டுக்குள் நுழைந்து இருக்கைப் பட்டைகளை மாட்டிக்கொண்டபோது லீஸல் குனிந்தாள். "வைனன்ட், கேட்டுக்கோ. இது உன் வெள்ளிக் கார் மாதிரி இல்ல. சூடானாத்தான் டயர் தரையைப் பிடிக்கும், பிரேக்கும் அப்படித்தான். ஆரம்பத்துலேர்ந்தே அழுத்தி ஓட்டு. தயங்கினாத்தான் ஆபத்து."

"எனக்குப் பாடம் எடுக்காதே தங்கச்சி."

சாலைக் காரில் புயலாகப் போகிறவன் அன்று பூனைபோலப் போனான். ஒவ்வொரு வளைவுக்கும் வெகு முன்னாலேயே பிரேக்கை மெல்லத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"நம்ம வைனன்ட் குடும்பத்தோட தேவாலயத்துக்குப் போறாரு போல!" என்றது ஒலிபெருக்கி. அடுத்த சுற்றில் அதற்கு மேலும் ஒன்று வந்தது: "மக்களே, இவரோட வெள்ளிக் காரே இதைவிட வேகமாச் சுத்தியிருக்கு!"

அது அவனைச் சுட்டது. கடைசிச் சுற்றில் முழு வேகத்தில் இறங்கி வந்து, மேட்டடி வளைவில் பிரேக்கை ஓங்கி மிதித்தான். சாலைக் கார் அப்படி மிதிப்பவனையும் காப்பாற்றிவிடும். இங்கே குளிர்ந்த டயர்கள் உருளாமல் இறுகிக்கொள்ள, கார் பம்பரமாகச் சுழன்று சரளைக் கற்களில் புதைந்தது.

சிறு கீறலும் இல்லாமல் வெளியே வந்த வைனன்ட் கத்தினான்: "பிரேக்கைக் கழட்டி விட்டுட்டான் கிழவன்! என் கண்ணால பார்த்தேன்!"

கூட்டம் மொத்தமும் கோபஸைத் திரும்பிப் பார்த்தது. லீஸலின் முகம் வெளுத்தது. அது உண்மையானால் அவள் வென்ற கோப்பைகளையும் இனி யாரும் நம்பப் போவதில்லை.

நோடே அம்மையார் காரைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். ஊர் பார்க்க, டிர்க்கியே தன் கையால் ஒவ்வொரு நட்டாகச் சோதித்தான். நெடுநேரம் கழித்து எழுந்தவன் வைனன்டின் முகத்தைப் பார்க்கவில்லை.

"எல்லாம் இறுக்கமாத்தான் இருக்குண்ணே. பிரேக்கு புத்தம் புதுசு. சூடுதான் ஏறவே இல்ல."

வைனன்ட் ஒலிபெருக்கியை வாங்கினான். "ஜெயிச்சது லீஸல்தான். நான் பேசினது தப்பு. மன்னிக்கணும்." இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அப்படியும் ஊர் வாய் அடங்கவில்லை. கோபஸ் எதையோ கழற்றினார், சந்தடியில் திரும்ப மாட்டிவிட்டார் என்று இறைச்சிக் கடை வாசலில் பேச்சு ஓடியது. வீடு திரும்பும் வழியில் லீஸல் கேட்டுவிட்டாள்.

"அப்பா, என்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க. அடியில போய் என்னத்தைக் கழட்டினீங்க?"

கோபஸ் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எதையும் தொடல. அவன் வந்து பார்க்கிற வரைக்கும் சும்மா படுத்திருந்தேன்."