பக்கத்து விடைத்தாள்

தேர்வு ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கடைசி வரிசையில் ஒருவன் காப்பியடித்துக்கொண்டிருந்தான். அதுவும் கட்டின மனைவியைப் பார்த்து.

கண்காணிப்பாளர் பெகேரோ கவனித்துவிட்டார்.

நாகுவா என்ற கடலோர ஊரில் மோட்டார் சைக்கிள் பழகுநர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வு அது. இருபது கேள்விகள். பதினாறு சரியாக இருந்தால் பாஸ்.

காப்பியடித்தவன் எவாரிஸ்தோ. பைக் டாக்சி ஓட்டுகிறவன். சந்தை முனையிலிருந்து கடற்கரை வரை அவன் பின்னால் உட்காராத ஆள் ஊரில் குறைவு. பதினெட்டு வருஷமாக உரிமம் இல்லாமலே ஓட்டினான், யாரும் கேட்கவில்லை. இந்த வருஷம்தான் சங்கத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள், உரிமம் இல்லாத வண்டிக்கு ஸ்டாண்டில் இடம் கிடையாது என்று.

பக்கத்தில் மனைவி மிரெயா. அவளும் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். எதற்கென்று பெகேரோவுக்கு இப்போது புரிந்தது. தாளைக் கணவன் பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டு, கட்டம் கட்டமாகப் பென்சிலால் அழுத்திக் குறி போட்டாள். அவன் எட்டிப் பார்த்து அதே இடத்தில் குறி போட்டான்.

சட்டப்படி இரண்டு தாளையும் கிழித்துப்போட வேண்டும். பெகேரோ எழுந்து, பூனை மாதிரி நடந்து, அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

ஈரச் சாலையில் எப்படி பிரேக் பிடிக்க வேண்டும்? மிரெயா போட்டிருந்த பதில்: முன் பிரேக்கை மட்டும், பலமாக.

வேகத்தை எப்போது குறைக்க வேண்டும்? வளைவுக்குள் நுழைந்த பிறகு.

ஹெல்மெட் பட்டை? நெடுந்தூரம் போனால் மட்டும் மாட்டினால் போதும்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. எப்படியும் ரெண்டும் ஃபெயில். கிழிப்பானேன் என்று திரும்பிவந்து உட்கார்ந்துவிட்டார்.

எவாரிஸ்தோ முதல் ஆளாகத் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போனான். கதவு சாத்தியதுதான் தாமதம், மிரெயா பையிலிருந்து ரப்பரை எடுத்தாள். வரிசையாக அழித்தாள். வரிசையாக மாற்றிப் போட்டாள். ஒரு கேள்விக்குக்கூட யோசிக்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் மதிப்பெண்ணை வாசலில் படித்தார்கள். மிரெயா பத்தொன்பது. எவாரிஸ்தோ ஐந்து.

காத்திருந்த பைக் டாக்சிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இனிமேல் உனக்குப் பின் சீட்டுதான், கெட்டியாகப் பிடித்துக்கொள் என்றான் ஒருவன். எவாரிஸ்தோ அசட்டுச் சிரிப்போடு தலையைக் குனிந்துகொண்டான்.

ஆளை ஏமாற்றிப் பாஸானவர்களை பெகேரோ நிறையப் பார்த்திருக்கிறார். கட்டினவனையே கவிழ்த்தவளை இப்போதுதான் பார்க்கிறார். மிரெயாவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உன் தாளை இப்பவே ரத்து பண்ண முடியும். நீ பண்ணினதை நான் பார்த்தேன். புருஷனை நாலு பேர் முன்னாடி இப்படி அசிங்கப்படுத்தி உனக்கு என்ன கிடைச்சுது?"

அவள் மறுக்கவில்லை.

"அவருக்கு வலிப்பு சார். இந்த வருஷத்துல ரெண்டு தடவை, வண்டி ஓடிக்கிட்டிருக்கும்போதே வந்துடுச்சு. ரெண்டாவது தடவை பின்னாடி ஒரு டீச்சர் உட்கார்ந்திருந்தாங்க. அவங்களுக்குக் கை உடைஞ்சதோட போச்சு."

டாக்டர் வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். டாக்டருக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று இவன் கேட்டானாம். அழுது பார்த்தாள், சாவியை ஒளித்து வைத்துப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. தேர்வு என்றதும், நீ படித்தவள், பக்கத்தில் வந்து உட்கார் என்று அவனே கூப்பிட்டிருக்கிறான்.

"நான் காட்டினா யோசிக்காம போட்டுடுவாருன்னு தெரியும். இனி வண்டியை நான் ஓட்டுவேன் சார். மூணு மாசமா தென்னந்தோப்புல அவருக்குத் தெரியாம பழகியிருக்கேன். வீட்டுல அடுப்பு எரியணும், அவரும் உயிரோட இருக்கணும். எனக்கு வேற வழி தெரியல."

பெகேரோ அவள் தாளில் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுக்கிற அறைக்குப் போகச் சொன்னார்.

அவள் போன பிறகு எவாரிஸ்தோ தன் தாளை வாங்க வந்தான். விதிப்படி சொல்ல வேண்டியதை பெகேரோ சொன்னார். பதினைந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம்.

"வேண்டாம் சார். போதும்."

கொடுக்கப்போன தாளை அவர் கொடுக்காமல் நிறுத்தினார். இத்தனை வருஷம் கடற்கரைச் சாலையில் மழையிலும் மணலிலும் ஓட்டினவன், முன் பிரேக் பதிலை எப்படிப் பார்த்து எழுதினான்?

"ஈர ரோட்டுல எந்த பிரேக் பிடிப்பே?"

"ரெண்டும் சேர்த்து சார். மெதுவா. வளைவுன்னா அதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடணும்." சொல்லிவிட்டு, அவர் ஏன் கேட்கிறார் என்று புரிந்தது போல நிறுத்திக்கொண்டான்.

"அப்போ அவ காட்டினது தப்புன்னு தெரிஞ்சேதான் எழுதினியா?"

எவாரிஸ்தோ ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"முதல் கேள்வியிலயே தெரிஞ்சுபோச்சு சார். வண்டியை விட்டுடறேன்னு என் வாயால அவகிட்டச் சொல்ல எனக்கு வரல. அதான் அவ போட்ட இடத்துலயே நானும் போட்டேன். தயவுபண்ணி இது அவளுக்குத் தெரிய வேண்டாம். என்னை ஏமாத்திட்டதாவே அவ நினைச்சுக்கட்டும்."