நாற்பதாவது பூ

குருநகரில் ஒவ்வொரு பெருநாளுக்கும் மாதாவின் புதுப் போர்வைக்குப் பூத்தையல் போடுவது யசிந்தாதான். நெஞ்சு வருத்தக்காரி; பத்துத் தையலுக்கு ஒருக்கால் படுத்து மூச்சு வாங்குவாள். அடுத்த பெருநாளைக் காணமாட்டாள் என்று டொக்டர் சொன்ன ஐம்பத்தெட்டாம் ஆண்டு, நாற்பது பூவில் ஒன்றைத் தைக்காமல் விட்டாள்.

"அதை முடிக்கவெண்டாலும் மாதா என்னை வைச்சிருப்பா," என்று புருஷன் கனிசியசிடம் சொல்லிச் சிரித்தாள்.

அதுமுதல் வருடாவருடம் ஒரு பூ மிச்சம். பன்னிரண்டு பெருநாள் போயிற்று.

இந்த முறை புதிதாக வந்த பங்குச் சுவாமி, "குறை வேலையை மாதாவுக்குப் போடேலாது," என்றுவிட்டார். யசிந்தா நாற்பதையும் தைத்துக் கொடுத்தாள். பிறகு, தன்னைப் பெட்டிக்குள் வைக்கும்போது உடுத்துவதற்கென்று ஒரு வெள்ளைச் சேலையைத் தோய்த்து மடித்து வைத்தாள்.

பெருநாள் முடிந்த மறுநாள் காலை, கோயில் சாமான்களைப் பார்க்கும் சங்கிலித்தாம் பிலிப்பர் மாதாவின் கண்ணாடிக் கூட்டுப் பூட்டைத் திறந்து, போர்வையைத் தோய்க்க யசிந்தாவிடம் கொண்டுவந்தார். கடைசிப் பூ இருந்த இடம் வெறுந்துணியாகக் கிடந்தது. அதன் நடுவில் நீல நூல் கோத்த ஊசி ஒன்று குத்தி நின்றது.

யசிந்தா ஊசியை உருவினாள். நூலும் கூட வந்தது, வந்துகொண்டே இருந்தது. கனிசியஸ் அதை வலைநூல் சுற்றும் கட்டையில் சுற்றத் தொடங்கினான். மத்தியானமாகியும் கை ஓயவில்லை.

"இன்னும் கிடக்கோ?"

"ஓம், கிடக்குது."

"அப்ப ஆறுதலாய்ச் சுத்துங்கோ. நான் தேத்தண்ணி வைக்கிறன்."