பொடிக்குள் எரியும் தீ

திருமங்கலம் ரோட்டோரப் பட்டறையில் தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே வெயில் இறங்குகிறது. அரிசி ஆலைக்குப் போகவேண்டிய பாய்லர் உருளை மெல்லச் சுழல, அதன் தகடுகள் சேரும் மூட்டின்மேல் புது வெல்டிங் மெஷின் பழுப்புப் பொடியைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. பொடிக்கு அடியில்தான் கம்பி உருகி இரும்போடு இரும்பைச் சேர்க்கிறது. பொறி பறக்கவில்லை, துளி வெளிச்சமில்லை. உலை கொதிப்பதுபோல ஒரு முனகல் மட்டும். பொடி குறைந்தால்தான் உள்ளே இருக்கும் தீ வெளியே பீறிடும். கையால் வெல்டிங் அடித்தே தலை நரைத்த கிறிஸ்துராஜ் மாஸ்க் மாட்டாமல் வெறும் முகத்தோடு பக்கத்தில் நிற்கிறார். வேலை செய்யும்போது அவர் முகம் எப்படியிருக்கும் என்று இதுவரை யாருக்கும் தெரியாது. மகள் ஷெரினை நர்ஸ் வேலைக்கு வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, விமான நிலையத்திலிருந்து நேரே இங்கே வந்திருக்கிறார். மூட்டின்மேல் உருகி ஆறிய பொடி ஓடாக இறுகி, பாம்புச் சட்டைபோலத் தானாகக் கழன்று விழுகிறது. அடியில் மூட்டு பிசிறில்லாமல் பளபளக்கிறது. “சூப்பருண்ணே!” என்று நிமிர்கிறான் பொடி நிரப்பும் ஜனகராஜ். அவரைப் பார்த்ததும் குரல் இறங்குகிறது. “இதுலதான் வெளிச்சமே வராதேண்ணே, கண்ணு ஏன் இம்புட்டுக் கலங்கிருக்கு?” கிறிஸ்துராஜ் ஆணியில் தொங்கும் பழைய மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொள்கிறார். கறுப்புக் கண்ணாடிக்குள் மெஷின், உருளை, வெயில் எல்லாம் அணைந்துபோகின்றன. “பழக்கம் மாப்ள,” என்கிறார் உள்ளேயிருந்து. “நீ பொடி குறையாமப் பாத்துக்க.”