தப்பைக் கண்டுபிடி

"ஏழெட்டு ஐம்பத்து நாலா டீச்சர்? எனக்கே தெரியுமே இது" என்று கேட்டபடி அம்மா உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. டியூஷனிலிருந்து மகளை அழைத்துப் போக, சீருடையைக்கூட மாற்றாமல் நேரே வந்திருந்தாள்.

டீச்சர் மார்க்கரும் கையுமாக வெள்ளைப் பலகையைப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. போன வருஷம் பள்ளிக்கூட வேலையை விட்டபிறகு, வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே பாடம் நடத்துகிறாள். இப்போது மிச்சமிருப்பது இந்த ஒரு மாணவிதான்.

"போன வாரமும் பார்த்தேன், இதே பலகையில ரெண்டு தப்பு. பரீட்சை தலைக்கு மேல நிக்குது. எங்க வார்டுல இப்படிக் கணக்குப் பார்த்து மருந்து கொடுத்தா ஆள் பிழைக்குமா? கோவிச்சுக்காதீங்க, இன்னையோட நிறுத்திக்கலாம்."

மகள் சட்டென்று எழுந்தாள்.

"அம்மா, அது டீச்சர் வேணும்னே போடற தப்பு."

"வேணும்னேவா?"

"நான் கண்டுபிடிக்கணும்ல. இங்க பாடமே அதுதான். முன்னெல்லாம் ஒரு வரி எழுதிட்டு, 'சரியாம்மா, சரியாம்மா'ன்னு உன் பின்னாடியே சுத்துவேனே. இப்போ சுத்துறேனா?"

அம்மா யோசித்தாள். உண்மைதான். சமையலறை வரை துரத்தி வந்து உயிரை வாங்கிய பெண், இப்போது அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தானே போட்டுத் தானே திருத்திக்கொள்கிறாள். போன தேர்வில் கணக்கில் வகுப்பிலேயே அவள்தான் முதல். அதை நினைத்ததும் அம்மாவின் கோபம் இறங்கிவிட்டது.

"நர்ஸ் புத்தி, தப்புன்னாலே பதறுது" என்றாள். "புரியாம வாயை விட்டுட்டேன் டீச்சர். மனசுல வச்சுக்காதீங்க."

டீச்சர் தலையை மட்டும் அசைத்தாள். இவ்வளவு பேசியும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லையே, எவ்வளவு பெரிய மனசு என்று அம்மாவுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"கணக்கை முடிச்சுட்டே வா. கீழ நிக்கிறேன்" என்று படியிறங்கிப் போனாள்.

செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா பொய் சொன்னே? ஒரு தப்புகூட நான் வேணும்னு போடலையே. மறதி நோய்னு டாக்டர் சொல்லிட்டார். பள்ளிக்கூடத்துலேருந்து என்னை அனுப்பினதும் அதனாலதான். நீயும் போயிட்டா நான் டீச்சரே இல்லைன்னு ஆயிடுமேன்னுதான் உன்கிட்ட மறைச்சேன். பாவம், உன் படிப்பைக் கெடுத்துட்டேன். நாளையிலேருந்து வராதே."

மகள் பலகையில் இருந்த நாலை அழித்துவிட்டு ஆறு போட்டாள்.

"சேர்ந்த மாசமே தெரியும் டீச்சர்" என்றாள். "நீங்க எழுதற ஒவ்வொரு வரியையும் நானே சரிபார்க்க வேண்டியிருந்துச்சே, அதுலதான் எனக்குக் கணக்கே வந்துச்சு."